அம்மா ‘ஹவுஸ்வைஃப்’ அல்ல

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. ஆனால் முன்பு போல வீட்டுக்கு வீடு கேட்பதில்லை. தறியை விட்ட வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரத்தில் டிவியும் செல்போனும், ஒரகடத்தில் லாரியும் புல்லட்டும் என்று முப்பது ஆண்டுகளுக்குள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கமே வேறு ஊராகிவிட்டது. அந்த பஸ்ஸில் இடம் கிடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லி எழுந்திருக்க வேண்டும். அந்த இன்டர்வியூவுக்கு நம் ஊர்கள் பிள்ளைகளைத் தயார் செய்கிற விதம் சரியில்லை.

இன்றைக்குத் தயாராவது என்றால் பெரும்பாலும் ‘செல்ஃப் இன்ட்ரோ’ மனப்பாடம்தான். கல்லூரியின் பிளேஸ்மென்ட் வகுப்பானாலும் யூடியூப் பாடமானாலும் அதன் அச்சு மாறுவதில்லை. பெயர், ஊர், படிப்பு, ‘மை ஃபாதர் இஸ் எ வீவர், மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப்’, அப்புறம் ‘ஹார்டு ஒர்க்கிங்’, ‘குயிக் லேர்னர்’. காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்துவிட்ட ஒரு மனிதவள அதிகாரிக்கு நாற்பத்தோராவது ஆளும் இதையே ஒப்பித்தால் காதில் எதுவும் விழாது. பிள்ளையின் முகம் கூட மனதில் நிற்காது.

அந்த ஒப்புவிப்பில் ஒரு சொல் உண்மையே அல்ல. நெசவு வீட்டில் அம்மா ‘ஹவுஸ்வைஃப்’ அல்ல. ராட்டையில் தார் சுற்றுவது அவர். அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது அவர். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிய இன்னொரு ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொரு ஆளும் அவர்தான். 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுக்க 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைப் பதிவு செய்தது. அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். அரசின் கணக்கில் தொழிலாளியாக நிற்கிற அம்மா, மகளின் சுய அறிமுகத்தில் மட்டும் வேலை இல்லாதவராகிவிடுகிறார்.

இது அம்மாவின் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. அந்தச் சொல்லை வாய் தவறாமல் ஒப்பிக்கும் மகள், தான் வளர்ந்த வீட்டில் நடந்த வேலையையே வேலை என்று பார்க்கப் பழகவில்லை. அதனால்தான் ‘அனுபவம் ஏதாவது உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை சார், ஃப்ரெஷர்’ என்று சொல்லிவிடுகிறாள்.

அனுபவம் இல்லையா? ஒரு சேலை தறியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வேலைப்பாட்டைப் பொறுத்து பத்து நாள், இருபது நாள்கூட ஆகும். நடுவில் ஓர் இழை தப்பினால் பூவின் வடிவம் கெடும். சேலை முதலாளியிடமோ கூட்டுறவு சங்கத்துக்கோ போகும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழுது கண்டால் கூலியில் கை வைப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குப் பழுதைக் கண்ணால் பிடிப்பது பத்து வயதிலேயே வந்திருக்கும். செல்போன் தொழிற்சாலையில் ‘குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன்’ என்று ஒரு மேசை போட்டு ஆள் தேடுகிறார்களே, அவர்கள் தேடுவது இந்தக் கண்ணைத்தான். முகூர்த்த மாதங்களில் காந்தி ரோடு சேலைக் கடையில் நின்ற பையனுக்கு, கல்யாண வீட்டார் இருபது பேர் ஒரே நேரத்தில் இருபது விதமாகக் கேட்டால் எப்படிச் சமாளிப்பது என்று தெரியும். வரதராஜப் பெருமாள் கருட சேவையின்போது தண்ணீர்ப் பந்தலில் நின்றவனுக்குக் கூட்டத்தை வரிசையில் விடத் தெரியும். இவை எதுவும் பயோடேட்டாவில் ஏறுவதில்லை.

ஒரு பிள்ளை இன்டர்வியூவுக்கு எப்படித்தான் தயாராவது? முதலில், தான் கையால் செய்த மூன்று காரியங்களைத் தேட வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து வரி போதும். என்ன சிக்கல் வந்தது, தான் என்ன செய்தான், கடைசியில் என்ன ஆயிற்று, கெட்டுப்போனது என்றால் எதனால் கெட்டது. ‘நான் பொறுமைசாலி’ என்று சொல்வதைவிட, ‘எங்கள் தறியில் பாவு சிக்கியபோது இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன், அம்மா வெட்டிவிடலாம் என்றார், நான் வெட்டவில்லை’ என்று சொல்லும் பிள்ளையை எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அவர் அடுத்த கேள்வி கேட்பார். அந்த அடுத்த கேள்விக்கும் பதில் இருக்கும், ஏனென்றால் அது நடந்த கதை. மனப்பாடம் செய்தவனுக்கு அங்கேதான் தொண்டை அடைக்கும்.

அப்புறம் அந்த நிறுவனம் என்ன செய்கிறது, தான் கேட்கும் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு அதே தெருவில் அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்காவோ அண்ணனோ கிடைப்பார்கள். எந்த இணையதளத்தையும்விட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். ஐடிஐ முடித்தவர் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்தால் அளந்து சொல்லத் தெரிந்து போக வேண்டும். சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக யாரும் அதைக் கேட்காமல் விடுவதில்லை. மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் முந்தின நாள் இரவே பைக்குள் இருக்கட்டும். இடம் தெரியாத கம்பெனி என்றால் ஒரு முறை போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. வேலைக்கு முன்பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் வருகிற ‘இன்டர்வியூ’ எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. முறையாக ஆள் எடுக்கும் நிறுவனம் விண்ணப்பிப்பவரிடம் காசு வாங்காது.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது ஆங்கிலப் பயம். தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவு வேலைகளுக்குப் பல இடங்களில் தமிழிலேயே பேசுகிறார்கள். பயம் என்னவோ எல்லாருக்கும் சேர்த்து ஒரே அளவில் இருக்கிறது. இந்தியக் குடிமைப் பணித் தேர்விலேயே, முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் நேர்முகத்தையும் தமிழில் எதிர்கொள்ளலாம். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு மட்டும் 275 இருக்கும் தேர்வு அது. கலெக்டர் பதவிக்குத் தமிழில் பேச இடமிருக்கும்போது, காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிடங்கில் கணக்கு எழுதுகிற வேலைக்கு இடமில்லை என்று எந்த நிறுவனமும் சொல்லக் கூடாது. ஆங்கிலம் தேவைப்படும் வேலைக்கு ஆங்கிலம் கற்கத்தான் வேண்டும். அதற்கு வழி தினமும் பத்து நிமிடம், தான் அன்று செய்த வேலையை வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பது; பிறர் எழுதிக் கொடுத்த பத்தியை ஒப்பிப்பது அல்ல. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுக்கும் நேர்முகத்துக்கும் பயிற்சி இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும். அங்கேயும் மனப்பாடத்தைத் தவிர்க்க வேண்டும்.

காஞ்சியில் நெசவாளர் வீட்டில் பிறந்த அண்ணா, பள்ளிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுக் குடும்பத்துக்காக இதே ஊரின் நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தராக வேலை பார்த்தவர். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் நாடு கேட்கப் பேசினார். நெசவுத் தெருவுக்குப் பேச வராது என்று யாரும் இந்த ஊரில் சொல்ல முடியாது.

இவ்வளவும் பிள்ளைகள் பக்கத்துக் கடமை. இன்டர்வியூவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன தயாரிப்புடன் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவேண்டிய சம்பவம் இந்த மாவட்டத்திலேயே நடந்தது.

2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். 2023 மார்ச்சில் வாட்ஸ்அப் விளம்பரத்தைப் பார்த்து இன்டர்வியூவுக்கு வந்த இரண்டு சகோதரிகளிடம் வாசலில் காவலர் கேட்ட கேள்வி, ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்பது. ஆகிவிட்டது என்றதும் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்கிறது அந்தச் செய்தி. இன்டர்வியூ அறைவரைகூடப் போகவில்லை.

ஃபாக்ஸ்கான் குற்றச்சாட்டை மறுத்தது. 2022இல் ஆள் எடுக்கும் ஏஜென்சிகள் தரப்பில் தவறு நடந்ததாகவும் அதைத் திருத்திவிட்டதாகவும் சொன்னது. அண்மையில் எடுத்த பெண்களில் நான்கில் ஒரு பங்கு திருமணமானவர்கள் என்றும் அரசிடம் தெரிவித்தது. செய்தி வந்த மறுநாளே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநில அரசிடம் விரிவான அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் தானாக முன்வந்து விளக்கம் கேட்டது. அதே ஆண்டின் இறுதியில், விளம்பரங்களில் வயது, பால், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று ஏஜென்சிகளுக்கு அந்நிறுவனம் சொல்லிவிட்டதாக ராய்ட்டர்ஸ் மீண்டும் எழுதியது.

அந்தச் சகோதரிகள் எத்தனை மாதம் பயிற்சி எடுத்து வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அவர்களிடம் கேட்கப்பட்டது வேலையைப் பற்றிய கேள்வியே இல்லை.

இந்தக் கேள்வி புதியதும் அல்ல. சென்னை மாகாணப் பிரிவைத் தேர்ந்தெடுத்த அன்னா ராஜம், சுதந்திர இந்தியாவில் ஐஏஎஸ் பணியில் சேர்ந்த முதல் பெண். 1951இல் அவரை நேர்காணல் செய்த குழு, பெண்ணுக்கு ஏற்றது என்று வேறு பணிகளைக் காட்டி மனதை மாற்றப் பார்த்தது. அவர் மாறவில்லை. திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற நிபந்தனை அவரது நியமன ஆணையிலேயே இருந்தது. பின்னால் அந்த விதி நீங்கியது. ஓசூரில் சப்-கலெக்டராகத் தொடங்கிய அவர் பணி நெடுங்காலம் நீடித்தது. சென்னையில் படித்து, 1949இல் வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மாவையும் நேர்முகக் குழு ஊக்கம் குன்றச் செய்யப் பார்த்தது. அவர் முப்பது ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர், பணியில் உள்ள பெண் திருமணத்துக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். அதற்கு 44 ஆண்டு கழித்து ஒரு தொழிற்சாலை வாசலில் அதே கேள்வி எழுந்தது என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டம் எளிதில் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. ‘அப்பா என்ன பண்றார்?’ பெரும்பாலும் பிள்ளையின் பதற்றம் தணியட்டும் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் தறி, கூலி, கடன் என்று பதில் போகும்போது மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. சாதியை ஊகிக்கவும் நம் ஊரில் இந்தக் கேள்வியே போதும். 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்ணெதிரே பார்த்தது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் நேர்முகத்துக்கு. மனு செய்த மாணவர்களுக்குக் கிடைத்த நேர்முகமோ சராசரியாக இரண்டு மூன்று நிமிடம். கேட்டது பெற்றோரைப் பற்றியும் வசிப்பிடத்தைப் பற்றியும். இவ்வளவு மதிப்பெண் தருவது தன்னிச்சையானது, 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது நீதிமன்றம்.

பேச்சுவாக்கில் நடக்கும் இன்டர்வியூ நல்ல ஆளைக் கண்டுபிடிப்பதும் இல்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத்துக்கும் பிற்காலப் பணித் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.38. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் இதை மறுபடி கணக்கிட்டபோது இரண்டும் இறங்கின. முறைப்படுத்திய நேர்முகம் 0.42க்கு, மற்றது 0.19க்கு. முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பெருமைப்படும் மேலாளர் இந்தக் கடைசி எண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும்.

அரசே இதை உணர்ந்து விலகியிருக்கிறது. 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் சொன்னபடி, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகம் நீக்கப்பட்டது. தமிழகத்தில் 2024 அறிவிக்கையிலிருந்து குரூப் 2 பணிகளுக்கும் நேர்முகம் இல்லை. தனியார் நிறுவனங்கள் நேர்முகத்தை விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குத் தயாராகி வர வேண்டும் என்றுதான் கேட்பது. எந்தக் கேள்வி வேலைக்குத் தேவை, எது தேவையில்லை என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே உத்திரமேரூர். அங்கே கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்து விதிகள் இருக்கின்றன, ஆண்டு 919, 921. ஊர் வாரியங்களில் அமர யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று அவை வரி வரியாகச் சொல்கின்றன. வயது 35க்கு மேல் 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவரது நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. பிறகு குடவோலை, பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பது ஒரு சிறுவன். பிரம்மதேய ஊரில், நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமான ஏற்பாடு அது. நெசவாளருக்கோ பெண்ணுக்கோ அதில் இடமில்லை. அந்தத் தகுதிகளை இன்று யாரும் போற்ற வேண்டியதில்லை. ஆனால் எது பார்க்கப்படும், எதற்காக ஒருவர் விலக்கப்படுவார் என்பதைக் கல்லில் வெட்டி எல்லார் கண்ணுக்கும் முன்னால் வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஒரு தாளிலாவது அச்சிட்டு வாசலில் ஒட்டலாம். நேரடி வேலையா, காண்ட்ராக்டா, ஷிப்டு எப்படி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, தங்கும் இடம் எப்படி இருக்கும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். இல்லையென்றால் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனதையும், நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததையும் ஸ்ரீபெரும்புதூர் அறியும். ‘ஹாஸ்டல் எப்படி சார் இருக்கும்?’ என்று ஒரு பெண் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

இதைப் படிப்பவர்களில் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர் ஒருவராவது இருப்பார். உங்கள் கேள்வித் தாளில் திருமணம், அப்பாவின் தொழில், சொந்த ஊர்த் தெரு என்று ஏதாவது வரி இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். அடுத்த வாரம் இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளே, இன்று இரவு அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தார் சுற்றுகிறார், இழை அறுந்தால் என்ன செய்கிறார், அதை எப்போது, யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுய அறிமுகத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்ற சொல் இருக்கும் இடத்தில், அவர் செய்யும் வேலையின் பெயரை எழுதுங்கள்.